தண்ணீர் வற்றுவதற்கு முன்னே

தென்காசியில் இறங்கியபோது முகம் ஈரமாக இருந்தது. மழையாக்கும் என்று கையை நீட்டிப் பார்த்தேன். கையில் ஒன்றும் விழவில்லை. வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. எங்கள் யாழ்ப்பாணத்தில் மழை வந்தால் வரும், வராவிட்டால் வராது. இப்படி வந்தும் வராமலும் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிற மழையை நான் அதுவரை கண்டதில்லை. இதற்குச் சாரல் என்று பெயர். இதை நம்பித்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு ஒரு மேசை இருந்தது. அதில் ஒரு நுண்நோக்கி. அதன் அடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு உயிரணுவால் ஆன ஒரு பிராணி. லத்தீன் பெயரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். மொச்சைக் கொட்டை போல ஒரு பக்கம் வளைந்திருக்கும். உடம்பெல்லாம் மயிரிழைகள். அவற்றை அசைத்து, தேங்கிய நீரில் சுற்றிச் சுற்றி நீந்தும். கேடு காலம் வந்தால் அப்படியே உருண்டையாகித் தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் வருடக்கணக்கில் தூசியோடு தூசியாகக் கிடந்து, நல்ல நீர் கண்டால் மறுபடி வெளியே வரும்.

கேடு காலம் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது? இதுதான் என் கேள்வி. பேராசிரியர் ஆங்கிலத்தில் சிரித்தார். "தண்ணீர் வற்றுகிறது, பிராணி மூடிக்கொள்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது, மிஸ்?" என் எண்ணம் வேறு. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பிராணிகளே தண்ணீரில் ஏதோ ஒரு பொருளைக் கசிய விடுகின்றன. அது ஏறிவிட்டால், தண்ணீர் தளும்பிக்கொண்டு இருக்கும்போதே மூடிக்கொள்கின்றன. எங்கள் ஊர்ப் பாறைக் குழிகளில் இதைக் காட்ட முடியாது. அங்கே குழி உடனே காய்ந்துவிடும். பேராசிரியர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். வற்றாத குழி வேண்டும். குற்றாலத்துப் பாறைகளைச் சாரல் காயவிடுவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இந்த ஒரு சாரல் காலம். ஒன்றும் கிடைக்காவிட்டால் மேசையை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும்" என்றார் அவர். மேசை போனால் ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடமும், அம்மா பார்த்து வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையும் எனக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் எனக்கு அந்த மேசைதான் வேண்டியிருந்தது.

தங்கியது சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டில். எங்கள் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலை அனுப்ப, அண்ணாச்சியின் கடையில் அது விற்ற காலத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பழக்கம். பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. கோபுரம் அப்போது உச்சியில்லாமல் பிளந்து நின்றது. அந்தப் பிளவு வழியாகவும் சாரல் புகுந்து வந்தது. வாசலில் அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா நின்றார். வயதில் என்னைவிட நாலைந்து மூப்பு இருக்கும், பேச்சில் நாற்பது.

"வாங்க, வாங்க! சாரலைக் கையோட கூட்டிட்டுல்லா வந்திருக்கிய!" என்று நுண்நோக்கிப் பெட்டியை வாங்கப் போனார். நான் விடவில்லை. "அதுக்குள்ள என்ன, நகையா?" என்றார். "அதைவிட விலை அக்கா" என்றேன். அன்று முழுக்க அந்தப் பெட்டியை அவர் மரியாதையோடு சுற்றிப் போனார்.

மத்தியானம் சொதி என்றார்கள். சொதிதானே என்று அலட்சியமாக உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் சொதி என்றால் இடியப்பத்தின் மேல் ஓடுகிற, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பால். ஏழை எளியவர் வீட்டிலும் தினம் உண்டு. இங்கே அது கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு. பாசிப்பருப்பும் முருங்கையும் உருளைக்கிழங்கும் போட்டு, கூடவே இஞ்சிப் பச்சடி. ஒரே பெயரை வைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. மூன்று தரம் சோறு வாங்கினேன். சாப்பிட்டு எழுந்தபோது நான் வந்த காரியமே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

மறுநாள் குதிரைவண்டியில் குற்றாலம். வண்டிக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சுருதிப்பெட்டியாம்மா? ஒரு பாட்டுப் பாடுங்க, குதிரை நல்லா ஓடும்" என்றார்.

"பாட்டு இல்லை அண்ணை. இது சின்னதைப் பெரிசாக் காட்டுற கண்ணாடி."

"அப்படியா? எங்க மொதலாளி குடுக்குத கூலிய அதுல வச்சுக் காட்டுங்க, எம் பொண்டாட்டி சந்தோசப்படுவா."

குதிரை எந்தப் பாட்டும் இல்லாமலே ஓடி, வழியில் ஒரு தேநீர்க் கடை முன்னால் தானாக நின்றது. வண்டிக்காரர் இறங்கித் தேநீர் குடிக்கும்வரை அது ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் இறங்கி ஒரு தேநீர் குடித்தேன்.

பேரருவியைப் பார்த்ததும் நான் கற்றதெல்லாம் சற்று நேரம் எங்கோ போய்விட்டது. அத்தனை சத்தத்துக்குள் ஓர் அமைதி இருந்தது. எண்ணெய் வழியும் தலைகளோடு பெண்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாரோவாகி வெளியே வந்தார்கள். நானும் போனேன். முதுகில் விழுந்த தண்ணீர் கொழும்பை, பேராசிரியரை, மாப்பிள்ளையை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. வெளியே வந்தபோது பசித்தது. மங்குஸ்தான் வாங்கித் தின்றேன். அது மட்டும் ஊர் ருசியாக இருந்தது.

பிறகு சிற்றருவிப் பக்கம் போய்ப் பாறைக் குழிகளைத் தேடினேன். உள்ளங்கை அளவு, சட்டி அளவு, எல்லாவற்றிலும் பழுத்த இலை கிடந்து ஊறிய தண்ணீர். சொட்டுக்குழாயால் உறிஞ்சிப் போத்தலில் விட்டுக்கொண்டிருந்தேன். குளித்து வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்து நின்றது.

"என்னத்தத் தேடுதிய? மோதிரம் விழுந்துட்டா?" என்றாள் ஒரு பெண். நான் இல்லை என்று சொல்வதற்குள் ஈரச் சேலையோடு அத்தனை பேரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்கள். "கல்லு வச்சதா, வெறுமனயா?" என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் குனிந்த முதுகுகளைப் பார்த்தபின் எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கிடைத்துவிட்டது என்று கும்பிட்டேன். அவர்கள் என்னைவிடச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

ஐந்தருவியிலிருந்து திரும்பிய இன்னொரு நாள் பஸ் நின்றுபோனது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். எண்ணெயும் சீயக்காயும் மணக்கிற கூட்டம். புது மணப்பெண் ஒருத்தி நகையோடு தோள் கொடுத்தாள். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று யாரோ பெரிதாகக் கத்தினார்கள். கத்தியது நான்தான். "மலையாளத்து அம்மா நல்லா வெரட்டுதாவ" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என் தொண்டைக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததை மறந்தே போயிருந்தேன். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த அந்த வருடங்களில் கொழும்பு பஸ்ஸில் நாங்கள் தமிழைக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினோம்.

அண்ணாச்சி வீட்டில் என் போத்தல்கள் அரங்கில் இருந்தன. அரங்கு என்றால் உள்ளே இருட்டாக இருக்கும் சாமான் அறை. ஒவ்வொரு போத்தலிலும் வைக்கோல் ஊறிய நீரில் என் மொச்சைகள் பெருகிக்கொண்டிருந்தன. கூட்டம் நெருக்கியடித்து, அவை விடுகிற பொருள் தண்ணீரில் ஏற வேண்டும். பிறகு அந்தப் பழைய நீரை வடிகட்டி, வேறு இளம் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை எனக்கு வேலை காத்திருப்பதுதான். புறவாசலில் ஒரு பழைய கல் உரல் கிடந்தது. அதன் குழியில் சாரல் நீர் தேங்கியிருந்தது. சும்மா இருக்கிற கை அல்லவா, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே பிராணிகள், திருவிழாக் கூட்டம் போல ஓடித் திரிந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு வரும்போது வீடு முழுக்கக் கழுவிக் கோலம் போட்டிருந்தது. அரங்கில் போய்ப் பார்த்தேன். என் போத்தல்கள் எல்லாம் பளபளவென்று விளக்கி, தெளிந்த தண்ணீர் நிரப்பி, வாயில் துணி கட்டி வரிசையாக இருந்தன.

"ஊசிப்போன தண்ணியல்லா வச்சிருந்திய!" என்று கோமதி அக்கா பெருமையோடு வந்தார். "ஊருக்குக் கொண்டுட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாவ? குற்றாலத் தண்ணி இப்படியா நாறும்னு கேக்க மாட்டாவளா? அதான் இவுகள விடியக்காலமே அனுப்பி, பேரருவில புதுசாப் பிடிச்சிட்டு வரச் சொன்னேன்."

அண்ணாச்சி அந்தப் பக்கம் ஈரத் துண்டோடு சிரித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளி யாரும் அருவித் தண்ணீர் இல்லாமல் திரும்பியதில்லையாம். குளிக்க வர முடியாத உறவுக்காரர்களுக்கு அது பிரசாதம் மாதிரி. நான் இத்தனை போத்தல்களோடு வந்ததைப் பார்த்து, எனக்கு எவ்வளவு பெரிய குடும்பம் என்று அவர்கள் முதல் நாளே வியந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பழைய தண்ணீர் வீட்டில் தங்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

"ஐயோ அக்கா, எல்லாத்தையும் ஊத்திப்போட்டியளே!" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மேசை போயிற்று என்று அழுதேன். அந்த நல்ல மனுஷியிடம் கோபப்படக்கூட முடியவில்லையே என்றும் அழுதேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? உசிரு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆனா நான் சாக்கடையில ஊத்தல. அருவித் தண்ணியக் கால் படுத எடத்துல ஊத்துவாவளா? பொறவாசல் உரல்லதான் ஊத்துனேன். அது நெறஞ்சு வழிஞ்சுட்டு."

அன்று சாயங்காலம், வேறு வேலை இல்லாததால், உரலில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். முந்தின நாள் திருவிழா நடந்த இடத்தில் ஆளில்லை. கண்ணாடி முழுக்க உருண்டை உருண்டையாக, அசையாமல், கூடுகள். சில மட்டும் கூட்டுக்குள்ளே இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. உள்ளிருந்தபடியே தமக்குச் சுவர் பூசிக்கொள்வது அப்படித்தான். உரலிலோ விளிம்பு வரை தண்ணீர். இந்தப் பிராணி இரண்டாகப் பிரிவதற்கும் ஒரு மெல்லிய கூட்டுக்குள் போகும், ஆனால் அது சீக்கிரம் திறந்துவிடும். நான் அடுத்த நாளும் பார்த்தேன். திறக்கவில்லை.

உரலைச் சுற்றிக் குதிக்காத குறைதான். ஆனாலும் எனக்குள்ளே ஒரு பேராசிரியர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். போத்தலில் இருந்த பிராணிகளும் அதே உரலில்தானே விழுந்திருக்கின்றன? எது யாருடைய கூடு? இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் மேசையோடு என்னையும் அனுப்பிவிடுவார். முறையாக மறுபடி செய்ய வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் வெட்கத்தைவிட்டு இன்னும் ஒரு வாரம் தங்கட்டுமா என்று கேட்டேன்.

"அந்தத் தண்ணி எம்புட்டு நாறணுமோ அம்புட்டு நாறுத வரைக்கும் இருங்க" என்றார் அக்கா.

புதிதாக நீர் பிடித்து, வைக்கோல் ஊற வைத்து, மொச்சைகளை விட்டேன். அரங்கைப் பூட்டிச் சாவியை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வீடு கழுவ வந்த பெண் அரங்கு வாசலில் வாளியோடு நின்று, "இதத் தெறக்கலியாக்கா?" என்று கேட்டாள். "உள்ள பேறுகாலம் நடக்குது, சத்தங்காட்டாமப் போ" என்றார் அக்கா. அண்ணாச்சி மட்டும் ஒரு தரம் முனகினார்: "எங்க அய்யா காலத்துல இருந்து இந்த வீட்ல வெள்ளிக்கெழம பழந்தண்ணி தங்குனதில்ல. ஏட்டி கோமு, வீட்டுக்கு ஆகுமா?"

"ஆகும். எல்லாம் உசிருதான்" என்று சொல்லிவிட்டு அக்கா விளக்கேற்றப் போனார். ஆனால் அன்று சாமி முன்னால் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதை நான் பார்த்தேன். என் மேசைக்காக அவர் எதை எடுத்துப் பணயம் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சோதனை செய்த அன்று சாரல் நிற்கவே இல்லை. ஓட்டின் மேல் யாரோ உமியைத் தூவிக்கொண்டிருப்பது போன்ற சத்தம். பழைய நீரைப் பீங்கான் வடிகட்டியில் விட்டு, ஒரு பிராணிகூட இல்லாத வெறும் தண்ணீராக எடுத்தேன். அதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினேன். இன்னொன்றில் புது அருவித் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு தீனி. சிற்றருவிப் பாறையிலிருந்து கொண்டுவந்த இளம் பிராணிகளை இரண்டிலும் விட்டேன். பிறகு காத்திருந்தோம். அக்கா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார். ருசியே தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. புதுத் தண்ணீரில் அவை ஓடிக்கொண்டே இருந்தன. பழைய தண்ணீரில் முதலில் தயங்கின. பிறகு வேகம் குறைந்தது. ஒவ்வொன்றாக உருண்டன. நான் எழுந்து அக்காவைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தேன். அவர் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணிதான் இருக்கே தங்கச்சி. தீனியும் போட்டிருக்கிய. பெறகு என்னத்துக்கு மூடிக்கிடுது?"

"முந்தி அந்தத் தண்ணியில இருந்ததுகள் எதையோ விட்டுட்டுப் போயிருக்கு அக்கா. அது என்னெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. இதுகளுக்கு விளங்குது."

"பாவம்" என்றார் அக்கா. கண்ணை எடுக்கவில்லை. "தெறக்குமா?"

"நல்ல தண்ணி கண்டால் திறக்கும்."

"அப்பம் அதப் பாக்காம நீங்க ஊருக்குப் போவக்கூடாது."

அவருக்காக ஒரு துளிக் கூடுகளை எடுத்துப் புது அருவி நீரும் வைக்கோல் சாறும் விட்டு வைத்தேன். காலையில் பார்த்தபோது கூட்டுக்குள் ஒன்று சுழலத் தொடங்கியிருந்தது. சுழன்று சுழன்று, ஓரிடத்தில் சுவர் மெலிந்து, பிதுங்கி, வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல நீந்திப் போயிற்று. அக்கா "அடி என் செல்லமே!" என்று கத்தியதில் அண்ணாச்சி கடைக்குப் போன பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். அவருக்கும் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரல் தூசி என்றார்.

புறப்படும்போது அக்கா பெரிய கோயில் குங்குமத்தை என் நெற்றியில் அகலமாக வைத்தார். "அங்கன எல்லாம் ஒரு மாதிரியா இருக்குன்னு பேப்பர்ல போடுதான். பத்திரமா இருங்க" என்றார். ஆய்வுகூடத்துக்குள் என்ன ஆபத்து அக்கா என்று நான் பகிடி பண்ணினேன். கையில் முடிவு இருந்தது. மேசை எனக்குத்தான் என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன்.

கடல் தாண்டியபின் ரயிலில் என்னோடு ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வந்தது; திருச்செந்தூர் போய்த் திரும்புகிறவர்கள். பெட்டி முழுக்க ஒரே கதை, சிரிப்பு. உறங்கிப்போனேன். பொல்காவலையில் விழித்தபோது விடிந்திருந்தது. பெட்டி நிறைந்திருந்தது. ஏறிய சிங்களவர்கள் யாரும் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒருவர் இடம் தந்து நகர்ந்துகூட உட்கார்ந்தார். ஆனால் எதிரே அந்த யாழ்ப்பாணத்து மனிதர் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்கடியில் செருகினார். அவர் மனைவி சன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கதை எப்போதோ நின்றிருந்தது. நான் ஈரமான கைக்குட்டையைக் கீழே வைத்தபோதுதான் அதில் சிவப்பு இருந்ததைப் பார்த்தேன். கை எப்போது நெற்றிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

பேராசிரியர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தார். கிண்ணங்களைத் தாமே மறுபடி வைத்துப் பார்த்தார். நல்ல மனுஷர், தோற்றதை ஒத்துக்கொள்ளத் தெரிந்தவர். "மேசை உன்னுடையதுதான், மிஸ்" என்றார். பிறகு நுண்நோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, தீனி இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. இப்போதே போய் அடைந்து கிடப்பதில் அதற்கு என்ன லாபம்?"

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. வெறும் நெற்றியோடு அவர் முன்னால் நின்றேன். "உயிரோடிருக்கும், சேர்" என்றேன்.